மெய்நிகர் கணினிகளுக்குத் தனி இடம்



எங்கள் பள்ளி ஆய்வகத்தின் பழைய சர்வரில் லினக்ஸ் நிறுவி, கேவிஎம் மூலம் 4 மெய்நிகர் கணினிகளை இயக்கி வந்தேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் நான்கும் நின்றுபோயின. மாணவர்கள் எழுதிய நிரல்கள் எல்லாம் அவற்றுக்குள்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மெய்நிகர் கணினியின் வட்டு என்பது சர்வரில் ஒரு கோப்புதான். லிப்விர்ட் அதை வழக்கமாக 'வார்' கோப்புறைக்குள் வைக்கும். நான் இயங்குதளத்தையும் அதையும் ஒரே பகிர்வில் விட்டிருந்தேன், சோம்பல்தான். கியூகவ்2 கோப்பு எழுத எழுத வளரும். உள்ளே மாணவர்கள் எதையாவது அழித்தாலும் பெரும்பாலும் தானாகச் சுருங்காது. பகிர்வு நிரம்பியது. சர்வரால் தன் பதிவுக் குறிப்பைக்கூட எழுத முடியவில்லை.

தேவையற்ற ஐஎஸ்ஓ கோப்புகளை நீக்கி, 'விர்ஷ் ரெஸ்யூம்' கட்டளை கொடுத்ததும் நான்கும் எழுந்தன. நல்லவேளை, நிரல்கள் பிழைத்தன.

தேர்வு முடிந்ததும் இரண்டாவது வட்டில் தனிப் பகிர்வு அமைத்தேன். கணினிகளை முறையாக நிறுத்திக் கோப்புகளை அங்கே மாற்றி, பழைய கோப்புறையின் இடத்திலேயே அப்பகிர்வை இணைத்தேன். எஃப்எஸ்டேப் கோப்பில் யுயுஐடி எண்ணுடன் பதிய மறவாதீர்கள். பகிர்வு இணையாவிட்டால் புதிய கோப்புகள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போய்விடும்.

புதிய பகிர்வும் ஒருநாள் நிரம்பலாம். அன்று இயங்குதளம் விழாது. திங்கள்தோறும் 'டிஎஃப்' கட்டளையை இயக்கி, மீதமுள்ள இடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கரும்பலகையில் எழுதிவைக்கிறார்.