மருந்துக்கடையும் மாறாத புண்ணும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எனது அம்மப்பாவின் கன்னத்தின் உட்புறத்திலே வெள்ளையாய் ஒரு படை தோன்றியது. பின்னர் அது புண்ணாயிற்று. சந்தியிலுள்ள மருந்துக்கடையிலே வாய்ப்புண்ணுக்குப் பூசும் களிம்பு வாங்கி வரச் சொன்னார். ஐந்து மாதத்திலே ஏழு முறை வாங்கினோம். ஏழு முறையும் போனவன் நானே. கடைக்காரர் நல்லவர், சில்லறையைச் சரியாக எண்ணித் தருவார். ஆனால் "ஆருக்குத் தம்பி, எத்தனை நாளாய்?" என்று ஒரு முறையேனும் கேட்டாரில்லை. நானும் சொன்னேனில்லை. ஈற்றில் பல் வைத்தியரிடம் போனபொழுது கழுத்திலே கட்டியும் எழும்பிவிட்டது.

கடைக்காரரைக் குறை சொல்லி நான் தப்பிக்கொள்ள வரவில்லை. மருந்தாளர் நோயை நிர்ணயிக்கும் வைத்தியரல்லர். ஆயினும் வைத்தியரிடம் போகாதவர்களை நாள்தோறும் காண்பவர் அவரே. இங்கிலாந்திலே ஐயத்திற்குரிய நோய்க்குறியுடையோரை மருந்தாளரே நேராகப் பரிசோதனைக்கு அனுப்பும் முயற்சியொன்று 2022 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

இலங்கை ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப்புற்றுநோய். புகையிலைதான் கூடாது, வெறும் வெற்றிலை பாக்கினால் தீங்கில்லை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பாக்கு மாத்திரமே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே தெளிவாய்க் கூறிற்று. மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, காரம் பட்டால் எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாதபடி வாய் ஒடுங்குதல் - இவற்றிலொன்று இருப்பின் களிம்பு விற்பதை நிறுத்தி, அரசாங்க ஆசுபத்திரிப் பல் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

மூலவியாதி என்று தாமே தீர்மானித்து மாதக்கணக்காய் மருந்து வாங்குபவரிடமும், குரலடைப்புக்கு ஓயாமல் இனிப்பு வில்லை வாங்குபவரிடமும், உடல் மெலிய மெலிய வயிற்றெரிவுக் குளிசை கேட்பவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

பெண்கள் விடயத்திலே ஒரு மயக்கம் உண்டு. நோய்க்குறி இல்லாதபோதே தேடிப் பார்ப்பது ஒன்று. நோய்க்குறி கண்டபின் பார்ப்பது வேறொன்று. 1996 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளிலே 35 வயதுப் பெண்களின் கருப்பைக் கழுத்தை இலவசமாய்ப் பரிசோதிக்கின்றார்கள். அது முதல் வகை. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டவரோ, மார்பிலே கட்டி கண்டவரோ கிளினிக் நாளுக்குக் காத்திருத்தலாகாது. உடனே வைத்தியரிடம் போகவேண்டும். இந்த வேற்றுமையை மருந்துக்கடையிலே நிற்பவர் அறிந்திருந்தால், வெட்கத்தினால் வீட்டிலே சொல்லாத தாய்மாருக்குப் பேருதவியாகும்.

இக்கூட்டம் முடிந்ததும் வாசலிலே வெற்றிலைத் தட்டம் வைக்கப்பட்டிருக்கும். தாம்பூலம் கொடுப்பது நம்மவரின் மரியாதை. அதனை எடுத்துவிடுங்கள் என்று பெரியோருக்குச் சொல்ல எனக்கு வயது போதாது. தட்டத்தின் பக்கத்திலே ஒரு கண்ணாடியும் கைவிளக்கும் வைத்திருக்கின்றேன். வாயைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறேன்.