உடன்பிறந்தாரும் அந்நியரும்
(கலசப்பாக்கத்தில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளுக்காக நன்றி செலுத்துகிறோம். இன்று பணத்தினால் வாங்கக் கூடாத ஒன்றைக் கேட்க வந்திருக்கிறோம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. இரத்தப் புற்றுநோயும் தலசீமியாவும் உள்ள பிள்ளைகள் இதனால் பிழைக்கிறார்கள். ஆனால் யாருடைய மஜ்ஜையும் யாருக்கும் சேராது. 1958-ல் பிரான்சு தேசத்து மருத்துவர் ழான் தொசே வெள்ளையணுக்களின்மேல் உள்ள அடையாளம் ஒன்றைக் கண்டறிந்தார். 1980-ல் நோபல் பரிசு பெற்றார். அவ்வித அடையாளங்கள் பொருந்த வேண்டும்.

பிள்ளை இவற்றில் பாதியைத் தாயிடமும் பாதியைத் தகப்பனிடமும் பெறுகிறது. ஆகவே உடன்பிறந்தவர் ஒருவர் முழுவதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பே உண்டு. ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்த காலம் போயிற்று. இனி அநேகருக்கு அந்நியர்தான் கொடுக்க வேண்டும். அதுவும் நம் ஜனத்துக்குள்ளேதான் பொருத்தம் அதிகம் கிடைக்கும்.

சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் வாலிபர் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்து எடுப்பார்கள், அவ்வளவே. ஆனால் வீட்டாரோடு பேசித் தீர்மானித்த பின்பே பதியுங்கள். கொடுப்பவர் கடைசி வேளையில் பின்வாங்கினால், நோயாளியின் சொந்த மஜ்ஜை அதற்குள் மருந்தினால் அழிக்கப்பட்டிருக்கும்.