ஆங்கிலச் சொல்லின் வகையும் தமிழ் வினையின் நிலையும்



தமிழ்ப் பற்றாளர் கூடிய அவையில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பிறமொழி கற்பது குற்றமன்று. அதனை அரைகுறையாய்க் கற்று, அந்த அரைகுறையைத் தாய்மொழிக்குள் கொண்டுவந்து கொட்டுவதே குற்றம். ஓர் ஆங்கிலச் சொல் பெயரா, வினையா, மாற்றுப்பெயரா என்று பிரித்தறியத் தெரிந்தவன், அச்சொல் தமிழோடு கலக்கும்போது விளையும் கேட்டையும் கண்டுகொள்வான்.

ஆள், இடம், பொருள் ஆகியவற்றைக் குறிப்பது பெயர். செயலைக் குறிப்பது வினை. பெயருக்கு மாற்றாய் நிற்பது மாற்றுப்பெயர். பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருச் செய்யும் பாடம் இது. 'வாட்டர்' என்னும் சொல்லைக் கொடுத்து வகை கேட்டால், நீர் ஒரு பொருளாதலின் அது பெயர் என்று உடனே விடை வரும். ஆனால் 'வாட்டர் தி பிளான்ட்' என்னும் தொடரில் அது செடிக்கு நீர் ஊற்றுமாறு ஏவும் வினை. 'வாக்' செயலைக் குறிக்கும் சொல். 'எ லாங் வாக்' என்னும்போதோ நெடுநடை ஒன்றின் பெயர்.

'மைன்' என்னும் ஒலியை எண்ணிப் பாருங்கள். 'மைன் இசு நியூ' என்றால் என்னுடையது புதியது என்று பொருள், அது மாற்றுப்பெயர். 'எ டீப் மைன்' என்றால் ஆழமான சுரங்கம், அது பெயர். 'தே மைன் கோல்டு' என்றால் அவர்கள் பொன்னை அகழ்கிறார்கள் என்று பொருள், அது வினை. எழுத்தும் ஒன்றே; ஒலிப்பும் ஒன்றே; வகையோ மூன்று! எனவே, தனிச்சொல்லைக் காட்டி வகை கேட்பதே பிழையான வினா. சொல் நிற்கும் இடத்தையும் அதன் துணைகளையும் காட்டியே கேட்டல் வேண்டும்.

இந்நிலை எவ்வாறு வந்தது? பழைய ஆங்கிலத்தில் அன்பைக் குறிக்கும் பெயர் 'லுவு'; அன்புசெய்தலைக் குறிக்கும் வினை 'லுவியன்'. ஈறே வகையைக் காட்டிற்று. இடைக்காலத்தில் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. இன்று இரண்டிற்கும் 'லவ்' என்னும் ஒரே சொல்தான். ஈறு இழந்த மொழி இடத்தைப் பற்றிக்கொண்டது.

ஆயினும் வகையறிய வழிகள் உண்டு. 'தி', 'எ' என்பவற்றை முன்னே ஏற்பதும் பன்மை ஈறு கொள்வதும் பெயரின் அடையாளங்கள். 'கேன்', 'வில்' போன்ற துணைவினைகளை முன்னே ஏற்பதும், 'வாக்', 'வாக்டு' எனக் காலத்திற்கேற்ப வேறுபடுவதும் வினையின் அடையாளங்கள். மாற்றுப்பெயர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிறு கூட்டம்; 'ஐ' என்பது 'மீ' என்றாவதுபோல் அவற்றுட் பல வேற்றுமைக்கேற்ப உருத்திரியும். சில சொற்களில் ஒலியழுத்தமும் வகை காட்டும். 'பெர்மிட்' என்பதன் முதல் அசையை அழுத்தினால் இசைவுச்சீட்டு என்னும் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் இசைவளி என்னும் வினை.

ஆங்கில இலக்கணத்தார் நெடுங்காலம் கிரேக்க, இலத்தீன இலக்கணங்களின் அடியொற்றியே தம் மொழியை வகுத்தனர். 1795-இல் வெளிவந்த இலிண்ட்லி மர்ரேயின் பள்ளி இலக்கணம் சொற்களை ஒன்பது வகையாக்கிற்று. பின்னர் 1952-இல் சார்லசு பிரீசு என்னும் அமெரிக்க மொழியறிஞர், மக்களின் தொலைப்பேசி உரையாடல்களைப் பதிவுசெய்து ஆய்ந்து, தொடரில் ஒரு சொல் நிற்கத்தக்க இடத்தைக் கொண்டே அதன் வகையை உறுதிசெய்தார்.

தொல்காப்பியர் வினைக்குக் கூறிய வரையறையை இங்கு எண்ணுக. வேற்றுமை ஏலாது, காலத்தொடு தோன்றுவது வினை என்பது அவர் கருத்து. செயலைக் குறிப்பது வினை என்று அவர் பொருளளவில் நின்றுவிடவில்லை. வடிவத்தைக் கொண்டு தெளியும் உரைகல்லைத் தந்தார். தமிழிலும் 'அடி' என்பது பெயராகவும் வினையாகவும் வரும். ஆனால் 'அடியை' என்று உருபேற்றவுடன் பெயர் என்பதும், 'அடித்தான்' என்று காலம் காட்டியவுடன் வினை என்பதும் ஐயமின்றி விளங்கும்.

அவையீர்! இவ்வுரைகல்லை எடுத்து இற்றைத் தமிழர் பேச்சை உரசிப் பாருங்கள். 'வாக் பண்ணினான்', 'குக் பண்ணினாள்', 'வெயிட் பண்ணுகிறார்கள்' என்கின்றனர். இவற்றில் காலம் காட்டுவது எது? 'பண்ணு' என்னும் தமிழ் வினையே. ஆங்கிலத்தில் வினையாய் இருந்த 'குக்', இங்கே காலம் காட்டமாட்டாது முடமாய் நிற்கிறது. தன் வினைத்தன்மையை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு, பண்ணுதலுக்கு ஒரு முட்டுக்கட்டையாய் உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் நடத்தலும் சமைத்தலும் காத்திருத்தலும் வெளியேறுகின்றன.

ஆங்கிலத்திலிருந்து மாற்றுப்பெயர் எதுவும் தமிழிற் புகவில்லை. நான், நீ, அவன், அவள் என்பன அசையாமல் நிற்கின்றன. ஆங்கிலமோ 'தே' என்னும் படர்க்கைப் பன்மையையே வடபுலத்து நோர்சு மொழியிலிருந்து கடன் பெற்றது. தமிழில் புகுந்த அயற்பெயர்களை விலக்குதல் இயலும். பேருந்தும் தொடர்வண்டியும் அவ்வாறு வந்தவையே. ஆனால் வினையின் இழப்பு ஆழமானது. பெயர் போனால் ஒரு சொல் போகும். வினை போனால் அதன் வேரிலிருந்து கிளைக்கும் சொற்களெல்லாம் போகும். சமை போனால் சமையல், சமையலறை, சமையற்காரர் அனைத்தும் தளரும்.

'கட் பண்ணு' என்னும் ஒன்றையே பாருங்கள். கதிரை அறுத்தல், காயை நறுக்குதல், மரத்தை வெட்டுதல், மலரைக் கொய்தல், தாளைக் கத்தரித்தல், இணைப்பைத் துண்டித்தல் என்று கருவிக்கும் பொருளுக்கும் ஏற்ப வேறுவேறு வினைகளைத் தமிழன் வைத்திருந்தான். அத்தனையும் 'கட்' என்னும் ஓரொலிக்குள் புதைகின்றன. இது வளர்ச்சியா? இருந்த செல்வத்தை ஒரு செல்லாக்காசுக்கு விற்பதன்றோ?

ஆதலால் இளைஞர்களே, ஆங்கிலம் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் தொடரில் வைத்து வகை காணுங்கள். அம்மொழியும் உங்களுக்கு எளிதாகும். தமிழ் பேசும்போது, 'பண்ணு' என்று வாய் வரும் இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். அதற்கு முன்னே நிற்பது தமிழா, அயலா என்று பாருங்கள். அயலாயின், அது தள்ளிவிட்ட தமிழ் வினை யாதென்று தேடுங்கள். அது தொலைவில் இல்லை. உங்கள் பாட்டியின் நாவிலே இருக்கிறது. அதனை எடுத்து ஆளுங்கள். ஆளப்படும் சொல்லே வாழும். வினை வாழ்ந்தால் மொழி வாழும்!