மூட்டைக்குறியும் சிங்கமும்: கும்பினிக் கைத்துப்பாக்கியின் மூலம் தேடல்

கிழக்கிந்தியக் கும்பினியின் படைகளுக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளுள் எஞ்சியிருப்பவை பலவும் குழல் துருவேறி, மரக்கட்டை விரிசல் கண்டு, எழுத்துகள் பாதி மறைந்த நிலையிலேயே கிடைக்கின்றன. இத்தேய்வுக்குப் போர் மட்டுமே காரணமன்று. இரும்பும் பித்தளையும் பளபளக்கச் செங்கல் பொடியிட்டுத் துலக்கிய படைமுகாம் வழக்கம், பகைவர் வாளைவிடக் கூடுதலான முத்திரைகளை அழித்திருக்கக்கூடும்.

ஆய்வாளர் முதலில் நோக்குவது பூட்டுத்தகட்டை, அதாவது சுடும் பொறியமைப்பைத் தாங்கிக் கட்டையின் வலப்புறம் பதிந்திருக்கும் இரும்புத் தகட்டை ஆகும். அதில் நான்காகப் பகுக்கப்பட்ட இதய வடிவமும், உச்சியில் 4 என்னும் எண்ணை ஒத்த கோடும், பகுப்புகளுக்குள் வி, இ, ஐ, சி என்னும் எழுத்துகளும் தெரிந்தால், அது சரக்குப் பொதிகளின்மேல் கும்பினி இட்டுவந்த மூட்டைக்குறியாகும். இலத்தீன் எழுத்துமுறையில் 'வி' என்பதே 'யு'வுக்கும் நின்றதால், போட்டியிட்ட இரு கும்பினிகள் 1708–09இல் இணைந்து உருவான ஐக்கிய (யுனைடெட்) கும்பினியை அக்குறி சுட்டுகிறது. மதராஸ் மாகாணத்து வடசர்க்கார் பகுதிக்காக 1794இல் அச்சான செப்புக் காசுகளிலும் இதே இதயம் உண்டு. மிளகு மூட்டைக்கும் காசுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே குறி போதுமெனக் கருதிய நிறுவனத்தின் இயல்பு இதிலேயே விளங்கும். 1808ஐ ஒட்டி இதயம் கைவிடப்பட்டு, பின்னங்கால்களில் நிமிர்ந்து முடியேந்தி நிற்கும் சிங்கம் அவ்விடத்தைப் பெற்றதால், பெயரும் ஆண்டும் தேய்ந்துபோன தகட்டிலும், சிங்கத்தின் வாலோ இதயத்தின் வளைவோ மட்டும் எஞ்சியிருந்தால், காலத்தை ஓரளவு வரையறுக்க இயலும்.

ஆயினும் தகடு தன் காலத்தை மட்டுமே சொல்லும். பழைய பூட்டைப் புதிய குழலுடன் பொருத்திப் பழுதுநீக்குவது எல்லாப் படைக்கலச் சாலைகளிலும் நடந்ததே ஆதலால், குழலைக் கழற்றி அதன் முத்திரைகளையும் தனியே படிக்க வேண்டும். மிகைமருந்திட்டுச் சுட்டுக் குழலின் வலிமையைச் சோதித்தபின் இடப்படும் குறி சோதனை முத்திரை எனப்படும். 1637இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்தின் குறிகள் மிகப் பழையவை, பர்மிங்காம் சோதனைச் சாலையோ 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது என்பதால், இதயம் பொறித்த தகட்டின் அருகே பர்மிங்காம் சாலையின் முத்திரை பெற்ற குழல் இருப்பின், இரண்டும் பின்னாளில் சேர்க்கப்பட்டவை என்று துணியலாம்.

பூட்டே உருமாறியிருப்பதும் உண்டு. சக்கிமுக்கிக்கல் எஃகில் மோதிய பொறி, பக்கத்துக் கிண்ணத்திலிருந்த மருந்தைப் பற்றவைக்க, அத்தீ தீத்துளை வழியே குழலுக்குள் செல்வது பழைய முறை. அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தால் துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை பெற்றபின், தீபாவளிப் பொட்டு கேப்பின் மூதாதை எனத்தக்க சிறு செப்புக் கேப்புகள் பரவின. 1840களில் பிரிட்டிஷ் படைகள் அவற்றுக்கு மாறியபோது, பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் கிண்ணம் நீக்கப்பட்டுக் கேப்பு மாட்டும் முளை பொருத்தப்பட்டது. கிண்ணமும் அதன் வில்லும் இருந்த துளைகளை அடைத்த தழும்பு, எவ்வளவு தேய்ந்த தகட்டிலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பாது.

மயங்கவைப்பது 'டவர்' என்னும் சொல். அது இலண்டன் கோபுரத்து அரசுப் படைக்கலச் சாலையைச் சுட்டும் முத்திரையே எனினும், சுற்றுலாப் பயணிகளுக்காக இந்தியாவில் பின்னாளில் செய்யப்பட்ட அலங்காரத் துப்பாக்கிகள் பலவற்றிலும் அச்சொல் ஆழமாகவும் தெளிவாகவும் பொறிக்கப்பட்டிருப்பதால், தேய்ந்த பொருளில் தேயாமல் நிற்கும் எழுத்தையே முதலில் ஐயுற வேண்டும். பிடியின் பித்தளைக் குமிழில் வெட்டிய எண்களோ பெரும்பாலும் படைக்கலன் அடுக்கின் வரிசையெண்களாகவே இருக்கும்; அவற்றைக் கொண்டு ஒரு வீரரின் பெயரைக் காண முயல்வோர், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் இராணுவத் துறைத் தொகுதிகளிலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்திய அலுவலகப் பதிவுகளிலும் படைப்பிரிவுகளை எளிதில் காணலாம், தனித்துப்பாக்கியைக் காண்பது அரிது.