போன் வீடு திரும்பும் நேரம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இணையவழிக் கற்றல் மேலாண்மைத் தளத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்’ என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். நான் கணினி ஆசிரியை இல்லை. சிவகாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. இந்தத் தளங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, தவறு செய்து தெரிந்துகொண்டது. ஆகவே ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடின. நானும் எட்டாம் வகுப்புக்குக் கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு வகுப்பைத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை பாடம், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் பணியை ஒப்படைக்க வேண்டும். 5 மணிக்கு மேல் அனுப்பினால் ஏற்க மாட்டேன் என்று நானே ஒரு சட்டமும் போட்டேன். தளம் தாமதமாக வருவதையும் வாங்கிக்கொள்ளும். சட்டம் தளத்துடையது அல்ல, என்னுடையது.

ஒரு மாணவியின் பெயருக்கு நேரே ஆறு வாரமும் ‘விடுபட்டது’ என்றே சிவப்பில் வந்தது. நேரில் பார்த்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளை. எனக்குக் கோபம். பணி ஒப்படைக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். அதில் அவள் பெயர் முதலில் இருந்தது. அன்று இரவே அந்த எண் குழுவிலிருந்து வெளியேறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். “டீச்சர், நாங்க ரெண்டு பேரும் பயர் ஆபீசுக்குப் போறோம். போனை உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. கேட்லயே வாங்கி வச்சுருவாங்க. வீடு வந்து சேர ஏழு மணி ஆயிரும். உங்க நேரம் அஞ்சு மணியோட முடிஞ்சிருதாம்ல” என்றார்.

அந்தப் பிள்ளை ஒரு நோட்டை எடுத்து வந்து கொடுத்தாள. ஆறு வாரப் பணியும் அதில் இருந்தது. தேதி போட்டு, படம் வரைந்து, கோடு இழுத்து எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டு அண்ணன் போனில் கேள்விகளைப் பார்த்து எழுதிக்கொண்டாளாம். அந்த அண்ணன் போனில் தன் பெயரில் உள்ளே போய் அனுப்பத் தெரியவில்லை. என் திரையில் ஆறு சிவப்பு எழுத்து. அவள் நோட்டில் இருபத்தெட்டுப் பக்கம்.

பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருந்து கையாளும் இடத்தில் ஒரு பொறி போதும். எனக்கும் அது தெரியும். ஆனால் 5 மணி என்று நேரம் வைத்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. அது நான் வேலையை முடிக்கிற நேரம், அவ்வளவுதான்.

ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் பள்ளி, கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் என்ற இலவசக் கற்றல் மேலாண்மைத் தளம் 2002இல் வெளிவந்தது. உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ். அவர் சிறுவனாக இருந்தது மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில். பக்கத்தில் பள்ளி கிடையாது. சிற்றலை வானொலி வழியாக நடந்த ‘வானொலிப் பள்ளி’யில்தான் படித்தார். ஆசிரியர் ஓரிடம், பிள்ளை வேறிடம் என்று வளர்ந்தவர் செய்த கருவி அது. இந்தத் தளங்களின் அடிப்படையே, ஆசிரியர் இருக்கும் நேரத்தில் மாணவர் இருக்க வேண்டியதில்லை என்பதுதான். நாம்தான் அதற்குள் பள்ளி மணியைக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறோம்.

இனி குறிப்புகளுக்கு வருகிறேன்.

முதல் குறிப்பு: வகுப்பைத் தொடங்கும் முன் வீட்டை விசாரியுங்கள். ஒரு நோட்டில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வீட்டில் யாருடைய போன்? அது எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? அதை எத்தனை பிள்ளைகள் பங்கிடுகிறார்கள்? ரீசார்ஜ் எப்போது தீரும்? என் வகுப்பில் பல வீடுகளில் சனிக்கிழமைதான் கூலி. அதற்குப் பிறகுதான் ரீசார்ஜ். இது தெரிந்த பிறகு, புதிய பாடத்தை ஞாயிறு காலையில் வரும்படி வைத்தேன். முடிக்கும் நேரத்தை அடுத்த ஞாயிறு இரவு என்று மாற்றினேன். இடையில் ஏழு இரவுகள் கிடைத்தன. நாம் ஞாயிறு காலையில் உட்கார வேண்டியதில்லை. பதிவைத் தயாரித்துத் தேதி, நேரம் குறித்துவிட்டால் அதுவே வெளியாகும்.

இரண்டாவது: எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அடுக்கில் இருக்கட்டும். பாடம் கிளாஸ்ரூமில், பணி வாட்ஸ்அப்பில், தேர்வு இன்னோர் இணைப்பில் என்றால் பிள்ளை தேடியே களைத்துப்போகும். வாட்ஸ்அப்பை அறிவிப்புப் பலகையாக மட்டும் வையுங்கள். பதிவுகளுக்கு ஒரே மாதிரி பெயர் வையுங்கள்: ‘வாரம் 4 – ஒளியியல் – படிக்க’, ‘வாரம் 4 – ஒளியியல் – எழுத’, ‘வாரம் 4 – ஒளியியல் – வினாடி வினா’. ஆண்டு முழுக்க இந்த மூன்றுதான். அலங்காரம் வேண்டாம். கரும்பலகையில் இடது மூலையில் தேதி, நடுவில் பாடத்தலைப்பு என்று எழுதுகிறோமே, அதே பழக்கம்தான்.

மூன்றாவது: பாடத்தின் எடையைக் குறையுங்கள். அரை மணி நேர வீடியோவை மூன்று பிள்ளைகள் ஒரே போனில் பார்க்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் பேசுங்கள். பேச்சு மட்டும் போதுமென்றால் ஒலிப்பதிவாகவே அனுப்புங்கள், அது இன்னும் சிறியது. நாமே வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. 2018 முதல் நம் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு இருக்கிறது. தீக்‌ஷா செயலியில் அதன் வழியே பாட வீடியோவுக்குப் போகலாம். குறியீடு கசங்கியிருந்தால் அதன் கீழே உள்ள ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டைத் தட்டச்சு செய்தால் போதும். இது பல ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. தீக்‌ஷாவில் பாடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலும் பார்க்கலாம். 2023இல் வந்த மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பாட வீடியோக்கள் இருக்கின்றன. இருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். உங்கள் நேரத்தைப் பிள்ளையின் விடையைப் பார்ப்பதற்கு வையுங்கள்.

நான்காவது: நோட்டை மதியுங்கள். தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லி எட்டாம் வகுப்புப் பிள்ளையை வதைக்க வேண்டாம். நோட்டில் எழுதட்டும், பக்கத்தைப் படம் எடுத்து இணைக்கட்டும். எழுத்துப் பயிற்சியும் போகாது. படம் எடுக்கும்போது வெளிச்சம் பார்த்து, நோட்டுக்கு நேர் மேலே போனைப் பிடிக்க ஒரு முறை வகுப்பிலேயே காட்டிக் கொடுங்கள். போன் இல்லாத பிள்ளை நோட்டையே கொண்டுவரட்டும். அதையும் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்றே கணக்கில் எடுங்கள். மதிப்பெண்ணில் வேறுபாடு கூடாது.

ஐந்தாவது: மதிப்பெண்ணை விட ஒரு வரிக் குறிப்பு முக்கியம். ‘நன்று’, ‘முயற்சி செய்’ என்று எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ‘படுகதிரை வரைந்துவிட்டாய், செங்குத்துக் கோடு எங்கே?’ என்று கேட்டால் உடனே திருத்தி அனுப்பும். இதைத் தனிப்பட்ட கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் பாராட்டை எழுதலாம், குறையை எழுதக் கூடாது. மதிப்பெண் பட்டியல், ஒப்படைக்காதவர் பட்டியல், பிள்ளைகளின் புகைப்படம், தொலைபேசி எண் இவை எதுவும் குழுவுக்குப் போகக் கூடாது. நான் ஒரு பட்டியல் அனுப்பினேன், என்ன நடந்தது என்று சொல்லிவிட்டேன்.

ஆறாவது: வினாடி வினாவை நமக்கான தேர்வாகப் பாருங்கள். கூகுள் படிவத்தில் விடைக்குறிப்பைக் கொடுத்துவிட்டால் அதுவே திருத்திவிடும். அத்துடன் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். தொகுப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தக் கேள்வியில் பாதிப் பேர் ஒரே தவறான விடையைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறை, எடை கேள்வியில் என் வகுப்பில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்தார்கள். பிழை பிள்ளைகளிடம் இல்லை, நான் நடத்திய விதத்தில். மறுநாள் தராசையும் வில் தராசையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஏழாவது: பள்ளிக்குள்ளேயே ஒரு வழி வையுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, முதலில் வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளை உட்கார வையுங்கள். கடவுச்சொல் மறந்தவர்கள், உள்ளே போகத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் அந்த 40 நிமிடம் போதும். அந்த மாணவிக்கு அன்று வேண்டியிருந்ததும் அந்தச் சின்ன உதவிதான்.

“ஏற்கெனவே எமிஸ் பதிவு, வருகைப் பதிவு, பயிற்சி. இதில் இது வேறா?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் கேட்டவள்தான். ஆனால் ஒரு முறை நன்றாகத் தயாரித்த பதிவை அடுத்த ஆண்டு வகுப்புக்கு அப்படியே மறுபடி பயன்படுத்தலாம். முதல் ஆண்டு உழைப்பு, இரண்டாம் ஆண்டு பாதி, மூன்றாம் ஆண்டு திருத்தம் மட்டும். அதோடு நமக்கும் ஒரு நேரம் வேண்டும். நான் இரவு 8 முதல் 9 வரைதான் பதில் சொல்வேன் என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டேன். அவர்களும் அதை மதிக்கிறார்கள். நடு இரவில் வரும் கேள்விக்குக் காலையில் பதில் சொன்னால் பாடம் ஒன்றும் கெட்டுவிடாது.

கடைசியாக ஒன்று. மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த காமராசர் பிறந்தது இந்த விருதுநகரில். குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, சிவகாசித் தொழிற்சாலைகளில் வேலை செய்த சிறுவர்களை முன்வைத்து வந்தது. அன்று தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் போன பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை பாடுபட்டு அவர்களை இந்த வகுப்பறைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தபோது, அந்த மாணவி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் குழுவில் போட்ட பட்டியலில் நான்காவதாக ஒரு மாணவன் பெயரும் இருந்தது. அவன் வரவில்லை. விசாரித்தபோது வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் வீட்டுக்கு நான் அந்த ஆகஸ்டிலேயே போயிருக்க வேண்டும். அவன் பெயருக்கு நேரேயும் ‘விடுபட்டது’ என்றுதான் இருந்தது. அவள் விடுபட்டதும் அவன் விடுபட்டதும் வேறு வேறு என்று திரைக்குத் தெரியாது. அது ஆசிரியருக்குத்தான் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை பெயருக்கு நேரே தொடர்ந்து இரண்டு வாரம் சிவப்பு எழுத்து வந்தால், நினைவூட்டுச் செய்தி அனுப்ப மாட்டேன். இரவு ஏழரை மணிக்கு மேல் போன் செய்வேன். எடுக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன். தளம் எனக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான்: எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்கிறது.

நாளைக்கு வகுப்புக்குப் போனதும் வேறெதுவும் செய்ய வேண்டாம். “உங்க வீட்டுக்குப் போன் எத்தனை மணிக்கு வரும்?” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நேரத்தை அதற்குப் பிறகு வையுங்கள்.