பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமையோட முடிஞ்சிடுதா?

பஸ்ல ஜன்னலோர சீட்ல உட்கார்ந்து கேட்கிறவங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்கிறவங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்க சர்ச்ல என்ன பிரசங்கம்?

யோசிங்க. "நல்லா இருந்துச்சு" அப்படிங்கிறது ஞாபகம் வரும். பாஸ்டர் சொன்ன ஜோக் ஞாபகம் வரும். அதுக்கு மேல?

என் கதையும் இதுதான். இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்காக சென்னை வந்தேன். பெரிய சர்ச், காலையில மூணு ஆராதனை. நான் ரெண்டாவதுக்குப் போவேன், கடைசி வரிசை. போன்ல அழகா நோட்ஸ் எடுப்பேன். ஆசீர்வாத ஜெபத்துக்கு ஆமென் சொன்ன அடுத்த நிமிஷம் பார்க்கிங்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணிடுவேன். ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. அந்த ரெண்டு வருஷத்துல அங்க என் பேர் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல. அது அப்போ எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு.

அப்புறம் ஒரு நண்பன் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டான். வேளச்சேரியில ஒரு வீடு, பத்துப் பேர். ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கத்தைப் பத்திப் பேசுவாங்க, ஜெபம் பண்ணுவாங்க, சாப்பிடுவாங்க. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு அந்த இட்லி சாம்பார் எவ்வளவோ மேல். உண்மையைச் சொல்லணும்னா அதுக்காகத்தான் போனேன்.

சில மாசம் கழிச்சு எனக்கு வேலை போச்சு. டீமையே கலைச்சுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட சொல்லல. தினமும் காலையில லேப்டாப் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பி, ஒரு லைப்ரரியில போய் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வார ஞாயிறு பிரசங்கம் மத்தேயு 6-ஆம் அதிகாரம். ஆகாயத்துப் பறவைகள், காட்டுப் பூக்கள், நாளைக்காகக் கவலைப்படக்கூடாதுங்கிற பகுதி. நோட்ஸ் எடுத்தேன், மூணு பாயின்ட். வெள்ளிக்கிழமை என் முறை வந்தப்போ அந்த மூணையும் ஒரு பிழை இல்லாம ஒப்பிச்சேன்.

அங்க ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன அங்கிள் ஒருத்தர் இருந்தார். பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, இது பாஸ்டர் சொன்னது. உங்களுக்கு எங்க இடிக்குது?"ன்னு கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. "வேலை போயிடுச்சு அங்கிள். பறவைங்களுக்கு இ.எம்.ஐ. இல்லையே"ன்னு சொல்லிட்டேன்.

யாரும் "விசுவாசம் போதாது தம்பி"ன்னு சொல்லல. பக்கத்துல இருந்த ஒரு அக்கா, தன் கணவர் ஆஸ்பத்திரியில இருந்தப்போ இதே வசனத்து மேல தனக்குக் கோபம் வந்துச்சுன்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் எல்லாரும் அமைதியா இருந்தோம். அப்புறம் அங்கிள் ஒண்ணு மட்டும் கேட்டார்: "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணேன். அம்மா அழுதாங்க, திட்டினாங்க, அப்புறம் "சாப்டியா?"ன்னு கேட்டாங்க. அடுத்த வேலை கிடைக்க நாலு மாசம் ஆச்சு, அதிசயம் எதுவும் நடக்கல. ஆனா பை மாட்டிக்கிட்டு ஊர் சுத்துறது அன்னையோட நின்னுச்சு. 'கவலைப்படாதே'ங்கிறதுக்கு அந்த வாரம் என் வாழ்க்கையில இருந்த அர்த்தம், ஒளிக்கிறதை நிறுத்துங்கிறதுதான். பாஸ்டர் எவ்வளவு நல்லா பேசினாலும் மேடையில இருந்து அதை எனக்குன்னு சொல்லியிருக்க முடியாது. அவருக்கு என்னைத் தெரியாதே.

இது ஏன் வேலை செய்யுதுன்னு அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். மூணு காரணம் சொல்றேன்.

முதலாவது, ஞாபகம். 2006-ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்களைவிட, புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை "என்ன கேட்டோம்?"னு சொந்த வார்த்தையில சொல்லிப் பார்க்கிறதும் அதே பயிற்சிதான்.

ரெண்டாவது, சரிபார்க்கிறது. அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்துல பெரோயா ஊர்க்காரங்க வர்றாங்க. பேசினது பவுலா இருந்தாலும், அவர் சொன்னது சரியான்னு வேதத்தைத் தினமும் ஆராய்ஞ்சு பார்த்தாங்க. வேதம் அதைக் குறையா சொல்லல, பாராட்டுது. நம்ம ஆபீஸ்ல எவ்வளவு சீனியர் எழுதினாலும் கோட் ரிவ்யூ இல்லாம உள்ள போகாது. "இது எனக்குப் புரியல", "இதை நான் வேற மாதிரி வாசிச்சேன்"னு மரியாதையா சொல்ல ஆராதனை நடுவுல இடம் இல்ல. ஒரு வீட்டு ஹால்ல இருக்கு.

மூணாவது, உங்களைத் தெரிஞ்சவங்க. 1742-ல இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல ஜான் வெஸ்லியோட மெதடிஸ்ட் சங்கத்துக்குக் கட்டடக் கடன் இருந்துச்சு. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கணும், பன்னிரண்டு பேருக்கு ஒருத்தர் போய் வசூல் பண்ணணும்னு முடிவு பண்ணாங்க. வீடு வீடா போனப்போதான் யார் எப்படி வாழுறாங்கன்னே தெரிய வந்துச்சு. பணம் வசூலிக்க ஆரம்பிச்சது, வாராவாரம் கூடி ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கிற 'கிளாஸ் மீட்டிங்'கா மாறுச்சு. அவங்க பிரசங்கத்தை அலசல, வாழ்க்கையை விசாரிச்சாங்க. ஆனா பன்னிரண்டு பேர்ங்கிற அளவுல ஒருத்தர் வரலைன்னா தெரியும். மூணு ஆராதனைக் கூட்டத்துல தெரியாது.

இதுல ஆபத்தும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். லீடர் நாற்பது நிமிஷம் பேசினா அது இன்னொரு பிரசங்கம். பாஸ்டரோட தமிழுக்கு மார்க் போட்டா அது விமர்சனக் கூட்டம். எல்லாத்தையும்விட மோசம், வெள்ளிக்கிழமை அழுதது ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல "அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க"ங்கிற பேர்ல கதையா சுத்துறது. ஒரு தடவை அப்படி நடந்தா, அடைஞ்ச வாய் திரும்பத் திறக்காது.

எங்க குழுவுல மூணே கேள்விதான். என்ன கேட்டோம்? எங்க இடிக்குது? இந்த வாரம் என்ன செய்யப்போறோம்? பேச விருப்பமில்லாதவங்க "பாஸ்"னு சொல்லலாம். கேட்டது வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ஒன்பது மணிக்கு முடிச்சுடுவோம், ஏன்னா சாம்பார் ஆறிடும்.

அப்புறம், அடுத்த வாரம் முதல் வேலையா போன வார மூணாவது கேள்விக்கு என்ன ஆச்சுன்னு கேட்போம். அன்னைக்கு நான் திரும்பப் போனப்போ செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அங்கிள் கேட்டார்: "அம்மா என்ன சொன்னாங்க தம்பி?" அந்த ஒரு கேள்விக்காகவே நான் இன்னும் போறேன்.

உங்க சர்ச்ல குழு இருந்தா ஒரு தடவை போய்ப் பாருங்க. இல்லைன்னா, இந்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் உடனே வண்டிய எடுக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்ட, "உங்களுக்கு எங்க இடிச்சுது?"ன்னு கேளுங்க. டீ குடிச்சுக்கிட்டே கேட்டாலும் பரவாயில்ல.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். பார்த்துப் போங்க.