லினக்ஸ் மீது சொல்லப்படும் குறைகள்
(புதுச்சேரியில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் கணினி அறைகளில் விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினிகள் நிறைய உண்டு. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 வசதி இல்லாத கணினியை அது முறைப்படி ஏற்பதில்லை. "இனி கழிவுதான்" என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடுமே என்று நான் சொன்னால், உடனே குறைகள் வருகின்றன.

அதிகம் கேட்பது இது: "சார், லினக்ஸில் திறந்தால் தமிழ் சிதைந்துவிடுகிறது." உண்மையில் சிதைவதில்லை. நம் வினாத்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்தக் கோப்புக்குள் தமிழே கிடையாது. 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத விண்டோஸிலும், உங்கள் கைபேசியிலும் அதே குப்பைதான் தெரியும். பாமினியை லினக்ஸிலும் நிறுவலாம். கோப்பு சரியாகத் தெரியும். ஆனால் அது தற்காலிக வழி. யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் எங்கும் படிக்கலாம், தேடலாம். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றது. நாம் இன்னும் பாமினியை விடவில்லை, பழி லினக்ஸுக்கு!

"பிள்ளைகளுக்குக் கடினம்" என்பது அடுத்தது. நம் மாஹே பள்ளிகள் நெடுங்காலம் கேரளப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியவை. கேரளத்தில் ஐ.டி. பாடநூலே லினக்ஸை வைத்துத்தான்; பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதில்தான். அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடினம் நமக்குத்தான் என்று நினைக்கிறேன். தமிழில் மெனு வேண்டுவோருக்கு, சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இருக்கிறது. தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் வந்தது.

வேலைக்கு உதவாது என்பாரும் உண்டு. அவர்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளமே லினக்ஸ்தான்.

ஒரு குறையை மட்டும் நான் மறுக்கமாட்டேன். சில பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்காது. எக்செல் மேக்ரோக்கள் எல்லாம் லிப்ரெஆபீஸில் ஓடும் என்ற உறுதியும் இல்லை. பழுது பார்க்க வருபவர் "எனக்கு விண்டோஸ்தான் தெரியும்" என்று கையை விரிப்பதும் நடக்கிறது. ஆகவே அலுவலகக் கணினியைத் தொடாதீர்கள். கணினி அறையில் தொடங்குங்கள். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம்; ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. ஒரு பக்கம் அச்செடுங்கள், ஒலி வருகிறதா, இணையம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பென் டிரைவை எடுத்துவிடுங்கள், பழையபடி விண்டோஸ் வரும்.

பாமினியில் அடித்த வினாத்தாள் கொண்டுவந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு முன்வரிசைக்கு வாருங்கள். இங்கேயே மாற்றிப் பார்ப்போம்.